புழுக்கை

கழுத்துப்பட்டை வேண்டாம் என்றார்கள்
முதல் கூட்டத்திலேயே.
பள்ளிக்கூட விளையாட்டரங்கு, மடக்கு நாற்காலிகள்,
கூடைப்பந்து வளையத்தின் கீழே என் திரை.
இருபத்தாறு ஸ்லைடுகளில்
நான் மூன்றாவதில் இருந்தேன்.

ஹெலிகாப்டரில் துரத்தி, வலை வீசி,
சினைமானைச் சாய்த்து
பட்டை மாட்டுகிற படம் அது.
செரிஸ் ஸ்பென்ஸ், மீன் கூட்டுறவில் கணக்கெழுதுகிறவள்,
கை தூக்காமலே கேட்டாள்:
"உன்னை ஒருத்தன் அப்படித் துரத்தினால்
அன்றைக்கு நீ ஓடிப்போய் நிற்கிற இடம்
உன் வீடா?"

வின்னிபெக் திரும்பும் குட்டி விமானத்தில்
அந்தக் கேள்விக்கு
ஒரு புள்ளியியல் பெயர் இருப்பது ஞாபகம் வந்தது.
பரீட்சையில் எழுதி
முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.

அப்படித்தான் புழுக்கைக்கு வந்து சேர்ந்தேன்.

இரண்டு குளிர்காலம்.
ராண்டல் பியர்டி பனிவண்டி ஓட்ட
பின்னால் நான், இடுக்கியும் பைகளுமாக.
கரிபூ என்று நான் எழுதுவதை
அவன் அத்திக் என்பான்.
குளம்பால் பனியைத் தோண்டி
அடியில் கிடந்த லைக்கனை மேய்ந்துபோன குழிகள்.
குழியோரம்
வறுத்த காப்பிக்கொட்டை சிதறினாற்போல.
அதன் மேல்தோலில் குடலின் செல்கள்,
செல்லுக்குள் ஆணா, பெண்ணா,
யார் பெற்ற மகள் என்பது வரை.
அவளை நான் பார்க்கவே தேவையில்லை.
ஒரே ஒரு தடவை
ஏரியின் எதிர்க்கரையில் ஐந்து சாம்பல் புள்ளிகள்.
தொலைநோக்கியைத் துடைப்பதற்குள்
வெறும் மரங்கள்.

ராண்டல் பேசினால் ஹாக்கி.
அவன் சொன்ன இடத்தில் மான் இல்லையென்றால்
"மச்சானைக் கேட்டிருக்கணும்" என்பான்.
என் கணினி சொன்ன இடத்தில் இல்லையென்றால்
ஒன்றும் சொல்வதில்லை,
தேநீர்க் குடுவையை என் பக்கம் நீட்டுவான்.
நிறையத் தேநீர் குடித்தேன்.

நானூற்றுப் பதினொரு பைகள்.
ஆய்வகம் போகும்வரை அவை
செரிஸ் வீட்டு ஃப்ரீசரில்,
மூஸ் இறைச்சிக்கும் ஐஸ்கிரீமுக்கும் நடுவே.
அவள் மகன் ஒட்டிவைத்த சீட்டு:
சாக்லெட் அல்ல.

ஏப்ரலில் நான் நகரத்தில் இருந்தேன்.
குளிர்காலச் சாலை சேறாகிவிட்டது,
மூடுபனியில் விமானம் இல்லை,
ஊரின் டீசல் ஜெனரேட்டர் நின்றுபோய் மூன்று நாள்.
வீடு வீடாக உணவு கரைந்துகொண்டிருக்கையில்
மான் புழுக்கை என்னவாயிற்று என்று
எந்த வாயால் கேட்பது?
கேட்கவில்லை.
நாலாம் நாள் ஒரு படம் வந்தது.
ஏரிப்பனியில் வெட்டிய குழி,
தார்ப்பாய் மேல் என் பைகள், எண் வரிசையில்.
பக்கத்தில் ஊர்க்காரர்களின் மீன், இறைச்சி,
யாருடைய கல்யாணத்துக்கோ ஒரு கேக்.
கீழே செரிஸின் கணக்கு:
"ஒன்று குறைகிறது. 208. நாய்."

வரைபடம் தயாரானதும்
அதே அரங்கு, அதே வளையம்.
சிவப்பு என்றால் ஈனும் இடம்.
ஓர் ஏரி, அதில் பதினேழு தீவுகள்.
யாரும் வியக்கவில்லை,
கண்டுபிடித்த என்னைத் தவிர.
"சாலை போட வருகிறவன் இதைப் பார்ப்பானா?"
பார்ப்பான், பார்த்தால் தள்ளிப் போடுவான் என்றேன்.
"காசு கட்டிச் சுட வருகிறவன்?"
பதில் தெரியும். சொல்லவில்லை.
பிறகு இரண்டு மணிநேரம் சண்டை, அவர்களுக்குள்.
காட்டணும் என்றான் ராண்டல்.
கூடாது என்றாள் செரிஸ்.
மச்சான் வெளியே போய்ப் புகைத்துவிட்டு
கட்சி மாறி வந்தான்.
நான் நாற்காலிகளை மடக்கினேன்.

என் ஆய்வேட்டின் தொண்ணூற்று மூன்றாம் பக்கத்தில்
ஒரு வெள்ளைத் திட்டு.
தேர்வாளர் பேனாவால் தட்டினார்:
"இங்கே தரவு இல்லையா, லெஸ்யா?"
இருக்கிறது.
"எங்கே?"
செரிஸ் வீட்டில், ஃப்ரீசருக்கு மேல் அலமாரியில்.
கேட்டுப் பாருங்கள்.
ஏப்ரலில் மட்டும்
லைன் கிடைக்காது.